டேட்டா இடிக்கிறதா? முதலில் கேள்வியைத் திறங்கள்: வினாப்பட்டியல், நேர்காணல் பிழை நீக்கம்

தரவு கைக்கு வந்துவிட்டது, ஆனால் ஏதோ இடிக்கிறது. உளவியல் ஆய்வு செய்யும் மாணவர்கள் இந்தக் கட்டத்தில்தான் எனக்கு எக்செல் கோப்பை அனுப்பி, "எந்த டெஸ்ட் போட்டா இது சரியாகும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வினாப்பட்டியலை, பதிலளித்தவர் கண்ணில் பட்ட அதே வடிவத்தில் அனுப்புங்கள். நேர்காணல் என்றால் ஒலிப்பதிவின் முதல் பத்து நிமிடம் போதும். பெரும்பாலும் கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும். எந்த மென்பொருளாலும் அதைத் துடைக்க முடியாது.

ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன. கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், நினைவில் தேட வேண்டும், கிடைத்ததை வைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டும், அந்த முடிவை உங்கள் கட்டங்களில் எங்கே போடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ரோஜர் டூராஞ்சோ 1984இல் முன்வைத்த இந்தப் பகுப்பைத்தான் பழுது பார்க்கும்போது நான் மனதில் வைத்துக்கொள்வேன். நான்கில் எந்தப் படியில் வழுக்கியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். தரவு சேகரிப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தால் மட்டும், முதலில் அதை நிறுத்திவையுங்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றிக்கொண்டே ஓட்டையைத் தேட வேண்டாம்.

அறிகுறி: ஆல்ஃபா 0.30க்குக் கீழே, அல்லது மைனஸில்

ஆல்ஃபா என்பது ஒரே விஷயத்தை அளக்க வந்த கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். பதற வேண்டாம். தலைகீழ்க் கேள்விகளை, அதாவது மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் எழுதியவற்றை, திருப்பி மதிப்பிட மறந்திருப்பீர்கள். நான் பார்த்தவரை முதல் சந்தேகம் இதுதான், பெரும்பாலும் கடைசிச் சந்தேகமும் இதுதான்.

மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் வெளியிட்ட சுயமதிப்பு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். பத்து வாக்கியங்கள். ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பற்றி மிக உயர்வாக நினைப்பவர் நேர்மறை ஐந்துக்கும் 4, எதிர்மறை ஐந்துக்கும் 1 போடுவார். கூட்டினால் 20 + 5, அதாவது 25. தன்னை அறவே மதிக்காதவர் நேர்மறைக்கு 1, எதிர்மறைக்கு 4 போடுவார். கூட்டினால் 5 + 20, அதுவும் 25. இரு துருவங்களும் ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்கின்றன. எதையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் 4 போட்டவரோ 40 வாங்கி, சுயமதிப்பில் முதலிடம் பிடித்துவிடுவார்!

எதிர்மறை வாக்கியங்களில் மட்டும், 5இலிருந்து அவர் போட்ட எண்ணைக் கழியுங்கள். ஐந்து புள்ளி அளவுகோலானால் 6இலிருந்து. இப்போது முதலாமவருக்கு 40, இரண்டாமவருக்கு 10, படிக்காமல் போட்டவருக்கு 25. உலகம் நேராகிவிடும்.

திருப்பிய பிறகும் ஆல்ஃபா ஏறவில்லையா? ஒவ்வொரு கேள்விக்கும் மற்றக் கேள்விகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று -1 முதல் +1 வரை காட்டும் எண்) பாருங்கள். ஒன்று மட்டும் மைனஸில் நின்றால் அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படியுங்கள். இரட்டை எதிர்மறை ஒளிந்திருக்கும், அல்லது அது வேறு எதையோ அளந்துகொண்டிருக்கும். படித்துப் பார்க்காமல், "இதை நீக்கினால் ஆல்ஃபா 0.72 ஆகும்" என்று மென்பொருள் சொன்ன ஒரே காரணத்துக்காகத் தூக்கி எறியாதீர்கள். எண்ணைக் காப்பாற்றப் போய் அளக்க வந்த பொருளையே வெட்டிவிடுவீர்கள்.

அறிகுறி: ஆல்ஃபா 0.96, வழிகாட்டிக்கு ஒரே மகிழ்ச்சி

இதுவும் நோய்தான். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். லீ குரோன்பாக் 1951இல் தந்த இந்த எண், கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே ஏறும். கேள்விகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 என்று வையுங்கள். 5 கேள்விகள் என்றால் ஆல்ஃபா 0.56. அதே தரத்தில் 20 கேள்விகள் போட்டால் 0.83. கேள்விகள் ஒன்றும் நல்லதாகிவிடவில்லை, கூட்டம்தான் சேர்ந்திருக்கிறது. 0.70 தாண்டினால் போதும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: ஒரே நிலையில் இருப்பவர்கள் எதிரெதிராக டிக் போட்டிருக்கிறார்கள்

புரிதலில் விழுந்த அடி இது. தமிழில் கேள்வி எழுதுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய மூன்று பொறிகள் உண்டு.

முதல் பொறி, "இல்லை". "எனக்கு இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்று எழுதி, எதிரே "ஆம் / இல்லை" என்று இரண்டு கட்டம். தூக்கம் வராத ஒருவர், "இல்லை, வர்றதில்லை" என்ற நினைப்பில் "இல்லை"யில் டிக் போடுவார். அதே மாதிரி தூக்கம் வராத இன்னொருவர், "ஆமா, வர்றதில்லை" என்று "ஆம்" போடுவார். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். உங்கள் கோப்பில் ஒருவர் 1, இன்னொருவர் 0. இதைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது. தரவு எடுத்தாகிவிட்டது என்றால் அந்தக் கேள்வியைப் பகுப்பாய்விலிருந்து விலக்கி, ஏன் விலக்கினீர்கள் என்று எழுதிவிடுங்கள். இனி எழுதும்போது "படுத்த பிறகு தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பதில்களையே முழு வாக்கியமாகக் கொடுங்கள்: "நன்றாகத் தூங்குகிறேன்", "தூங்கச் சிரமப்படுகிறேன்".

இரண்டாவது பொறி வினையெச்சம். இரட்டைக் கேள்வியைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் "மற்றும்", "உம்" இரண்டையும் தேடி அழித்துவிடுவார்கள். "என் பெற்றோர் என்னைப் புரிந்துகொண்டு ஆதரிக்கிறார்கள்" என்ற வாக்கியம் மட்டும் தப்பிவிடும். "மற்றும்" இல்லை, "உம்" இல்லை, ஆனால் கேள்வி இரண்டு. புரிந்துகொள்ளாமலே ஆதரிக்கும் பெற்றோர் உண்டு, நன்றாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பவர்களும் உண்டு. வாக்கியத்தில் "-து", "-ந்து", "-டு" என்று முடியும் சொல் வந்தால் நின்று, அங்கே கத்தி வைத்து இரண்டாக வெட்ட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் பரவலாக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறை எல்லோருக்கும் பழக்கம். ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவோம். நல்ல முறைதான், ஆனால் அது பிடிக்கும் மீன் வேறு. "மனச்சோர்வாக உணர்கிறேன்" என்று எழுதினால் படித்த மொழிபெயர்ப்பாளர் சரியான ஆங்கிலச் சொல்லுக்கே போய்ச் சேருவார், வட்டம் அழகாக மூடிவிடும். வினாப்பட்டியலை நிரப்பப்போகிறவரோ "சோர்வு" என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, உடம்பு அசதியைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். அவர் வாயில் வருவது "மனசே சரியில்லை", "எதுலயும் பிடிப்பில்லை". மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் படித்தவர்களாக இருப்பதே இந்த முறையின் ஓட்டை.

மூன்று பொறிக்கும் ஒரே சோதனை உண்டு. வினாப்பட்டியலை நிரப்பப்போகும் வகையைச் சேர்ந்த ஏழெட்டுப் பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் "இதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க" என்று கேளுங்கள். பதில் போடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அறிதிறன் நேர்காணல் என்று இதற்குப் பெயர். ஒரு பிற்பகல் போதும். நூறு பேரிடம் முன்னோட்டம் ஓட்டி ஆல்ஃபா பார்ப்பதைவிட இது அதிகம் கற்றுத்தரும் என்பது என் கட்சி.

அறிகுறி: எல்லோரும் நடுக் கட்டத்தில், அல்லது ஒரே நேர்கோட்டில்

ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் தந்த ஐந்து புள்ளி வடிவத்தில் (அவர் பெயரை "லைக்கர்ட்" என்று சொல்வது பரவலான வழக்கம், சரியான உச்சரிப்பு லிக்கர்ட்தான்) நடுப்புள்ளி என்பது பல பொருள் கொண்ட இடம். "இரண்டும் சமம்", "தெரியாது", "இது எனக்குப் பொருந்தாது", "சொல்ல விருப்பமில்லை" எல்லாம் அங்கேதான் ஒதுங்கும். "எனக்குப் பொருந்தாது" என்று தனிக் கட்டம் வைத்துப் பாருங்கள், நடுக்கூட்டம் கலையலாம். நடுப்புள்ளியையே எடுத்துவிட்டு நான்காக்குவது சிலருக்குப் பிடித்த வழி. கருத்தே இல்லாதவரைக் கட்டாயப்படுத்திக் கருத்துச் சொல்லவைப்பது எனக்கு உவப்பில்லை.

இருபது கேள்விக்கும் நேர்கோடாக 4, 4, 4 என்று ஓடினால் அது களைப்பு. ஜான் குராஸ்னிக் 1991இல் எழுதியது போல, கேள்வி கடினமாகவும் ஆர்வம் குறைவாகவும் இருக்கும்போது மனிதர்கள் சிறந்த பதிலைத் தேடுவதை விட்டுவிட்டுப் போதுமான பதிலோடு நின்றுவிடுகிறார்கள். நேர்கோட்டுக்குள் நேர்மறையும் எதிர்மறையும் கலந்திருந்தால் அந்த ஆள் படிக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். எல்லாம் நேர்மறையாக இருந்தால் சொல்ல முடியாது, உண்மையிலேயே அவர் அப்படி நினைத்திருக்கலாம். யாரை விலக்குவது என்ற விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்த பிறகு எழுதும் விதி, உங்களுக்குப் பிடிக்காதவர்களைத் துரத்தும் விதியாகத்தான் முடியும்.

அறிகுறி: பொய் சொல்லாதவர், கோபப்படாதவர், பொறாமையே அறியாதவர்

பதிலளித்தவர்கள் உத்தமர்களாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைவிடப் பெரிய வாய்ப்பு, பக்கத்தில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள் என்பது. முதலில் இதை விசாரியுங்கள்: தாளை நிரப்பும்போது அந்த அறையில் யார் இருந்தார்கள்? ஆசிரியரோ மேலதிகாரியோ குடும்பத்தாரோ இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். சொல்லக் கூசும் விஷயங்களில், நேரில் ஒருவர் வாய்திறந்து கேட்பதைவிடத் தாளிலோ கணினியிலோ தானே நிரப்பும்போது அதிகம் வெளிவரும்.

டக்ளஸ் கிரவுன், டேவிட் மார்லோ இருவரும் 1960இல் தந்த 33 வாக்கிய அளவுகோலைச் சேர்த்துக் கொடுத்தால், நல்ல பெயர் எடுக்கும் ஆசையை ஓரளவு பார்க்கலாம். வினாப்பட்டியல் நீளும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

கேள்வி நிஜமாகவே ஆபத்தானது என்றால், உதாரணமாகத் தேர்வில் காப்பியடித்தது பற்றி என்றால், ஸ்டான்லி வார்னர் 1965இல் தொடங்கிவைத்த ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. அதன் எளிய வடிவம் இது. பதிலளிப்பவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால் எதுவானாலும் "ஆம்" என்று போட வேண்டும், பூ விழுந்தால் உண்மையைப் போட வேண்டும். 200 பேரில் 130 "ஆம்" வந்தது என்று வையுங்கள். சுமார் 100 பேருக்குத் தலை விழுந்திருக்கும், அந்த 100 "ஆம்" நாணயத்தினுடையது. மீதி 100 பேரில் 30 "ஆம்" உண்மை, ஆக ஏறக்குறைய 30 சதவீதம். யார் காப்பியடித்தார் என்று உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியாது என்பது நிரப்பியவருக்கும் தெரியும், அதனால் துணிந்து எழுதுவார். நாணயத்தின் ஆட்டம் கணக்கில் சேர்ந்துவிடுவதால் ஆட்கள் நிறைய வேண்டும். நாற்பது பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

அறிகுறி: எண்கள் நம்பும்படி இல்லை, அல்லது உறவுகள் மாறிமாறி வருகின்றன

"எவ்வளவு நேரம்", "எத்தனை முறை" கேள்விகளில் உங்கள் கட்டங்களே பதிலைச் சொல்லிக்கொடுக்கும். நார்பர்ட் ஸ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கட்டங்கள் அரை மணியில் தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்குத் தொடக்கமே "இரண்டரை மணி வரை". இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5 சதவீதம். கணக்கு யாருக்கும் சரியாக நினைவில்லை. நடுக்கட்டம்தான் ஊர் வழக்கம்போல என்று எடுத்துக்கொண்டு, அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஓர் இடத்தில் தன்னை வைத்துக்கொள்கிறார்கள். கட்டங்களை எடுத்துவிட்டு, "நேற்று எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள்?" என்று எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

எண்களின் அடையாளமும் பேசும். அதே ஸ்வார்ஸ் குழு 1991இல், வாழ்க்கையில் எவ்வளவு வெற்றி பெற்றிருக்கிறீர்கள் என்று பதினொரு புள்ளி அளவுகோலில் கேட்டது. 0 முதல் 10 வரை எண்கள் போட்டபோது 34 சதவீதத்தினர் கீழ்ப்பாதியில், அதாவது 0 முதல் 5க்குள், வந்தார்கள். அதே கட்டங்களுக்கு -5 முதல் +5 வரை எண் போட்டபோது கீழ்ப்பாதிக்கு வந்தவர்கள் 13 சதவீதம்தான். 0 என்றால் "வெற்றி இல்லை", -5 என்றால் "தோல்வி" என்று மனம் படித்துக்கொள்கிறது. இரண்டு ஆய்வுகளின் சராசரிகளை ஒப்பிட்டு முடிவு எழுதுவதற்கு முன், இரண்டு தாள்களிலும் எண்கள் ஒரே மாதிரி இருந்தனவா என்று பார்த்துவிடுங்கள்.

வரிசை மாறினால் உறவு மாறும் கதையும் உண்டு. ஸ்ட்ராக், மார்ட்டின், ஸ்வார்ஸ் 1988இல் மாணவர்களிடம் வாழ்க்கைத் திருப்தியையும், காதல் சந்திப்புகள் எவ்வளவு அடிக்கடி என்பதையும் கேட்டார்கள். திருப்தியை முதலில் கேட்டபோது ஒட்டுறவு -0.12. சந்திப்பை முதலில் கேட்டபோது 0.66. பொதுக் கேள்வியை முன்னும் குறிப்பான கேள்வியைப் பின்னும் வையுங்கள். முடிந்தால் பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுங்கள். தரவு எடுத்து முடித்தவர்கள் வரிசையை அப்படியே பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள், படிப்பவர் தானே தீர்மானிக்கட்டும்.

அறிகுறி: பாதியில் விட்டுப் போகிறார்கள்

எந்தக் கேள்வியில் விட்டார்கள் என்று எண்ணுங்கள். எல்லோரும் ஒரே கேள்வியில் நின்றிருந்தால் குற்றவாளி அந்தக் கேள்வி, பெரும்பாலும் வருமானமோ உடலுறவோ. பரவலாக உதிர்ந்தால் நீளம்தான் குற்றவாளி. வயது, படிப்பு போன்ற விவரங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முடித்தவர்களும் விட்டவர்களும் முதல் சில கேள்விகளில் வேறுபடுகிறார்களா என்று பார்க்காமல் "விடுபட்டவை நீக்கப்பட்டன" என்று ஒரு வரியில் கடந்துவிடாதீர்கள்.

இனி நேர்காணல்.

அறிகுறி: "ம்", "ஆமாங்க", "அப்படியெல்லாம் இல்ல"

நாற்பது நிமிடத்துக்குத் திட்டமிட்ட நேர்காணல் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. "ஆள் பேச மாட்டேங்கிறார்" என்பார்கள். எழுத்துப்படியை எடுத்து உங்கள் சொற்களையும் அவர் சொற்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். உங்கள் பங்கு பாதியைத் தாண்டினால் பேசாத ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பரீட்சை பயத்தைப் பற்றிய ஒரு நேர்காணலை நான் திருத்தியது இப்படி. முதலில் இருந்தது:

"பரீட்சைன்னா உங்களுக்குப் பதற்றம் வருமா?"
"ம், வரும்."
"ஏன் வருது?"
"தெரியல. மார்க் பத்தி இருக்கலாம்."
"ஓ, மார்க் குறைஞ்சா வீட்ல திட்டுவாங்கன்னு பயமா?"
"ம்."

மாற்றியது:

"கடைசியா எழுதின பரீட்சை எது? அன்னைக்குக் காலையில எழுந்ததிலிருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

இதற்கு "ம்" என்று பதில் சொல்லவே முடியாது. ஜான் ஃபிளானகன் 1954இல் எழுதிய முக்கிய நிகழ்வு உத்தியின் உயிர் இதில்தான் இருக்கிறது: கருத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள். அவர் ஒரு காட்சியைச் சொல்லி நிறுத்தும்போது உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடம், அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். "கைல பேனா புடிக்க முடியலன்னு சொன்னீங்களே..." என்று அவர் சொல்லையே எடுத்துக் கொடுத்தால் தானாகத் தொடர்வார்.

"ஏன்" என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, தமிழில் அது கண்டிப்பது போலக் காதில் விழும். இரண்டு, கேட்டால் கிடைப்பது காரணம் அல்ல, காரணம் பற்றிய ஊகம். ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து எது சிறந்தது என்று கேட்டார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றே. இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதத்தினரும் வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதத்தினரும் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை.

அறிகுறி: எல்லோரும் என் கருதுகோளையே சொல்கிறார்கள்

சந்தோஷப்படுவதற்கு முன் "தானே" என்ற சொல்லை எழுத்துப்படியில் தேடுங்கள். "நல்லாத் தூங்குனீங்களா?" என்பது கேள்வி. "நல்லாத்தானே தூங்குனீங்க?" என்பது பதில், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி ஒட்டியிருக்கிறது. "இல்லையா", "அப்படித்தானே", "அதாவது நீங்க சொல்ல வர்றது..." எல்லாம் இந்தக் குடும்பம். பெரியவர்களிடமோ, உங்களைப் படித்தவர் என்று மதிப்பவர்களிடமோ இப்படிக் கேட்டால் மரியாதைக்காகவே "ஆமாங்க" வரும்.

ஒரே சொல் போதும் ஆளைச் சாய்க்க. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் 1974இல் எல்லோருக்கும் ஒரே கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகத்தைக் கேட்டார்கள். "நொறுங்க மோதியபோது" என்ற பொருள்படும் சொல்லால் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்பது போன்ற சொல்லால் கேட்டவர்கள் 31.8. படங்கள் அதேதான், மாறியது ஒரு வினைச்சொல்.

முடிந்த நேர்காணல்களில் செய்யக்கூடியது இவ்வளவே: நீங்கள் இழுத்துவிட்ட ஒவ்வோர் இடத்தையும் குறியிட்டு, அந்தப் பதில்களைச் சான்றாக எடுக்காமல் விடுங்கள். மிச்சம் எதுவும் தேறவில்லை என்றால் உண்மை அதுதான். அடுத்த நேர்காணலில், உங்கள் கருதுகோளுக்கு எதிரான ஒன்றையாவது வேண்டுமென்றே தேடுங்கள்: "அப்படி இல்லாத நாள் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

அறிகுறி: நடுவில் அழுதுவிட்டார், அல்லது உயிர் வாழப் பிடிக்கவில்லை என்றார்

ரெக்கார்டரை நிறுத்துங்கள். இனி இது ஆய்வு அல்ல. "கொஞ்சம் நிறுத்திக்கலாமா? தொடரணும்னு கட்டாயம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அழுகை தன்னளவில் ஆபத்து அல்ல. பலர் தொடரவே விரும்புவார்கள். முடிவு அவருடையது.

தற்கொலை பற்றிப் பேச்சு வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, திட்டம் ஏதும் இருக்கிறதா? கேட்பதாலேயே அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு வராமல், உதவி செய்யக்கூடியவரிடம் சேர்ப்பதுதான் அப்போதைய வேலை. அந்த "உதவி செய்யக்கூடியவர்" யார் என்பது முதல் நேர்காணலுக்கு முன்பே உங்கள் சட்டைப்பையில் எழுதி இருக்க வேண்டும். ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழிக்கு எல்லை உண்டு, உயிருக்கு ஆபத்து என்றால் சொல்ல வேண்டிவரும் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

வினாப்பட்டியலுக்கும் இது பொருந்தும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 இன் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைத் துன்புறுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறது. பெயரில்லாத ஆன்லைன் படிவத்தில் அதைப் போட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து எக்செல்லில் திறந்து "ஏறத்தாழ தினமும்" என்ற பதிலைப் பார்த்தால் யாரைத் தேடிப் போவீர்கள்? பின்தொடர ஏற்பாடு இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி அந்தப் படிவத்துக்கு இல்லை. கடைசிப் பக்கத்தில் உதவி எண் போடுவது குறைந்தபட்சம், ஏற்பாடு ஆகாது.

அறிகுறி: இரண்டு பேர் குறியிட்டோம், 86 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் கப்பா 0.22

குறியிடுவது என்றால் எழுத்துப்படியின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு பெயர் ஒட்டுவது. கப்பா என்பது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இருவரின் ஒப்புதலை அளக்கும் எண். கணக்கில் தவறு இல்லை. 100 பகுதிகள் என்று வையுங்கள். இருவருமே 90 இடங்களில் "பயம்" என்று குறித்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1, அதாவது 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேலே எட்டியிருக்கக்கூடிய 18இல் நீங்கள் எட்டியது 4, அதாவது 4 ÷ 18 = 0.22. ஜேகப் கோஹன் 1960இல் இந்தக் கழித்தலைச் செய்யத்தான் கப்பாவைத் தந்தார். எங்கும் ஒட்டிக்கொள்ளும் குறியீடு எதையும் பிரித்துக் காட்டாது. "பயம்" என்பதை "தோல்வி பயம்", "பிறர் பார்வை பயம்" என்று உடைத்து, ஒவ்வொன்றுக்கும் "இது சேரும், இது சேராது" என்று ஓர் உதாரணம் எழுதிவிட்டு மறுபடி குறியிடுங்கள்.

அறிகுறி: ஒரே ஆள், இரண்டு பதில்

வினாப்பட்டியலில் ஒன்று, நேர்காணலில் வேறொன்று, நடத்தையில் மூன்றாவது. ரிச்சர்ட் லாபியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 251 இடங்களில் ஒரே இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934இல் வெளியான இந்த ஆய்வைக் காட்டி, வினாப்பட்டியலே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடிதத்தில் இருந்த "சீனர்" என்ற சொல்லும், நேரில் புன்னகையோடு நின்ற தம்பதியும் ஒன்றல்ல. கேட்டது வேறு, நடந்தது வேறு.

ஆகவே முரணைக் கண்டதும் எது பொய் என்று தேடாதீர்கள். அந்த ஆளையே மறுபடி பாருங்கள், அவர் நிரப்பிய தாளோடு. ஒருமுறை என்னிடம் ஒரு பெண், தேர்வு நாட்களில் சாப்பாடு இறங்காததையும் பேருந்தில் பாதி வழியில் இறங்கித் திரும்பியதையும் முக்கால் மணி நேரம் சொன்னார். தாளில் "நான் பதற்றமாக உணர்கிறேன்" என்பதற்கு எதிரே "ஒருபோதும் இல்லை" என்று டிக் போட்டிருந்தார். அந்த வாக்கியத்தைக் காட்டி, இதைப் படிச்சப்போ என்ன நினைச்சீங்க என்று கேட்டேன்.

"பதற்றம்னா கை கால் நடுங்கும்ல சார். எனக்கு அதெல்லாம் இல்ல. எனக்கு வயித்தைப் பிசையும், அவ்வளவுதான்."